ஃபைல் அட்ரிப்யூட் நிரலைச் சுத்தம் செய்ய மூன்று வழி: நாங்கள் எதை எடுத்தோம், ஏன்

போன மாதம் எங்கள் தம்பி ஒரு பேட்ச் (நிரலில் செய்த மாற்றங்களின் தொகுப்பு) அனுப்பினான். ஒரே பேட்ச், அறுநூறு வரிக்கு மேல், தலைப்பு "அட்ரிப்யூட் கிளீனப்". கீழே விளக்கம் என்று ஒரே ஒரு வரி: செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை. எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்தியது. அறுநூறு வரியைப் புரட்டிப் போட்டபிறகு எதுவும் மாறவில்லை என்று எழுதுவது சுலபம், அது உண்மைதானா என்று ரிவ்யூ செய்கிறவன் எதை வைத்துப் பார்ப்பான்?

நாங்கள் மூன்று பேர். பாளையங்கோட்டை மகாராஜநகர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து, வெளியூர்க் கம்பெனி ஒன்றின் ஸ்டோரேஜ் பெட்டிக்குள் ஓடும் லினக்ஸ் ஃபைல்சிஸ்டம் மாட்யூலை (ஃபைல்களை டிஸ்கில் அடுக்கி வைக்கும் நிரல்) பராமரிக்கிறோம். நான், முக்கூடலில் இருந்து பஸ்ஸில் வரும் அக்கா, சேரன்மகாதேவியில் காலை பாசஞ்சரைப் பிடித்து வரும் தம்பி. மாட்யூல் லினக்ஸின் மையமான கெர்னலின் சொந்த நிரல் மரத்துக்குள் கிடையாது, வெளியே தனியாக இருக்கிறது. களத்தில் இருக்கும் பெட்டிகளில் பழையவை 5.10 கெர்னலில் ஓடுகின்றன, புதியவை 6.12-இல். இந்த இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

அட்ரிப்யூட் என்று இங்கே சொல்வது படிக்கலாம், எழுதலாம் என்ற வழக்கமான அனுமதிகளை இல்லை. சாட்டர் கட்டளையால் போடுகிறோமே, அந்த ஃபிளாக்குகளை. 'ஐ' (இம்யூட்டபிள்) போட்டுவிட்டால், எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக இருந்தாலும் அந்த ஃபைலை அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது, முதலில் 'ஐ'யை எடுத்தாக வேண்டும். 'ஏ' (அப்பெண்ட்) போட்டால் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகலாம், ஏற்கெனவே எழுதியதில் கை வைக்க முடியாது, அதனால்தான் லாக் ஃபைல்களுக்குப் போடுகிறார்கள். இவை இரண்டையும் மாற்ற அதற்கென்றே ஒரு தனி கேப்பபிலிட்டி, அதாவது கெர்னல் தரும் சிறப்பு உரிமை, வேண்டும். அப்புறம் சிங்க் (எழுதியதை உடனே டிஸ்குக்கு அனுப்பு), நோடம்ப் (டம்ப் பேக்கப்பில் சேர்க்காதே), நோஏடைம் (படித்த நேரத்தைப் பதியாதே) என்று சில. பார்க்க ஐந்தாறு பிட் சமாச்சாரம்தான். ஆனால் நான் பார்த்தவரை, ஒரு ஃபைல்சிஸ்டத்தில் 'சும்மா சுத்தம் செய்கிறேன்' என்று கை வைத்து டேட்டாவைக் கெடுக்க இவ்வளவு வசதியான இடம் வேறு இல்லை.

காரணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இந்த ஃபிளாக்குகள் ஒரே இடத்தில் வாழ்வதில்லை. டிஸ்கில் ஐநோடுக்குள் (ஒரு ஃபைலைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பதிவு) ஒரு வடிவம், மெமரியில் விஎஃப்எஸ் (எல்லா ஃபைல்சிஸ்டத்துக்கும் மேலே இருக்கும் கெர்னலின் பொது அடுக்கு) ஐநோடில் இன்னொரு வடிவம், வெளியில் இருந்து கேட்கும் புரோகிராமுக்கு வேறு வடிவம். அந்த வெளி வடிவத்திலும் இரண்டு. ஒன்று இஎக்ஸ்டி2 என்ற ஃபைல்சிஸ்டத்தின் காலத்தில் இருந்து வரும் பழைய ஐஆக்டல் (திறந்த ஃபைல் வழியாகக் கெர்னலிடம் தனி வேலை கேட்கும் அழைப்பு), சாட்டர் பெரும்பாலும் பேசுவது இதனோடுதான். மற்றது எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டத்தில் பிறந்து 2016-இல் 4.5 கெர்னலோடு எல்லாருக்கும் பொதுவாக்கப்பட்ட ஐஆக்டல், இதில் ப்ராஜெக்ட் ஐடி (ஃபைல்களைக் குழுவாக்கி இட அளவைக் கணக்கிட உதவும் எண்) போன்ற கூடுதல் தகவலும் வரும். நம் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் மாதிரி, மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி, இரண்டும் தாண்டுவது ஒரே தண்டவாளத்தைத்தான்.

இப்போது எண்களைப் பாருங்கள். பழைய ஐஆக்டலில் சிங்க் 8, இம்யூட்டபிள் 16, அப்பெண்ட் 32, நோடம்ப் 64, நோஏடைம் 128. எக்ஸ்எஃப்எஸ் வழி வந்ததில் இம்யூட்டபிள் 8, அப்பெண்ட் 16, சிங்க் 32, நோஏடைம் 64, நோடம்ப் 128. அதே ஐந்து பேர், அதே ஐந்து நாற்காலி, ஆனால் ஒருவர்கூட பழைய இடத்தில் இல்லை. மெமரியில் இருக்கும் விஎஃப்எஸ் வடிவத்தில் சிங்க் 1, நோஏடைம் 2, அப்பெண்ட் 4, இம்யூட்டபிள் 8. ஆக, 16 என்ற ஒரே பிட் ஒரு வாசலில் 'தொடாதே', இன்னொரு வாசலில் 'கடைசியில் சேர்த்துக்கொள்'. எல்லாமே அன்சைன்ட் இன்ட் என்ற ஒரே எண் வகை, அதனால் மாற்றிக் கொடுத்தாலும் கம்பைலர் வாயைத் திறக்காது. 'ஃபிளாக்ஸ்' என்று பெயரிட்ட வேரியபிள் ஒன்று நான்கு ஃபங்ஷன் தாண்டிப் போகும்போது அது எந்த மொழி பேசுகிறது என்பது பெயரிலும் தெரியாது, டைப்பிலும் தெரியாது. எங்கள் டிஸ்க் எண்களையும் சேர்த்து இந்த நான்கு பத்தி எண்களையும் தம்பி ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி சுவரில் ஒட்டியிருக்கிறான், ரிவ்யூ நடக்கும்போது மூன்று பேரும் அண்ணாந்து அதைத்தான் பார்க்கிறோம்.

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய காயம் உண்டு. சில வருடம் முன்னால், இதே மாட்யூலில், ஃபிளாக்கை எழுதும் இடத்தில் மூன்று வரி இருந்தது. பழைய ஃபிளாக்கில் பயனர் மாற்றக்கூடாத பிட்டுகளை அப்படியே வைத்துக்கொள், பயனர் கொடுத்ததில் மாற்ற அனுமதி உள்ளவற்றை மட்டும் எடு, இரண்டையும் சேர். ஒரு கிளீனப் பேட்ச் அதை ஒரே வரியாக்கியது: பயனர் கொடுத்ததில் அனுமதி உள்ளவற்றை எடு. படிக்க அழகாக இருந்தது. 'நன்றாக இருக்கிறது' என்று எழுதி நான்தான் அனுமதித்தேன். போன முதல் பாதியில் என்ன இருந்தது என்றால், சின்ன ஃபைல்களின் டேட்டாவை ஐநோடுக்குள்ளேயே வைத்திருக்கிறோம் என்று சொல்லும் உள் பிட். ஒரு ஆடிட்டர் ஆபீஸ் பெட்டியில் இரவு ஓடும் ஸ்கிரிப்ட் ஃபோல்டர் முழுக்க 'ஏ' போட்டது, மறுநாள் காலையில் சின்ன ஃபைல் ஒவ்வொன்றும் குப்பையாகத் திறந்தது. ஐநோடுக்குள் கிடந்த கணக்கு எழுத்துகளை ஃபைல்சிஸ்டம் டிஸ்க் பிளாக் முகவரி என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தது. டேட்டா அழியவில்லை, பிட் மட்டும்தான் போயிருந்தது, அதைத் திரும்ப வைக்க ஒரு டூல் எழுதி இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். அன்றைக்கு போனில் பேசிய அந்த அம்மாவின் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மார்ச் மாதக் கடைசி வாரம் அது.

அதனால் இந்த ஒப்பீட்டில் என் அளவுகோல் ஒன்றே ஒன்று. எந்த வழி அழகான நிரலைத் தருகிறது என்பது எனக்கு இரண்டாம்பட்சம். எந்த வழியில் போனால் ஒரு பிட்கூட அர்த்தம் மாறவில்லை என்பதை ரிவ்யூ செய்கிறவன் தானே சோதித்து உறுதிப்படுத்திக்கொள்ள முடியும், அதைத்தான் பார்க்கிறேன்.

முதல் வழி, அக்கா சொன்னது: ஆபத்தான இடத்தை மட்டும் சரிசெய், மற்றதைத் தொடாதே. எங்கள் நிரலில் அப்படி இரண்டு இடம் இருந்தது. ஒன்று, டிஸ்க் ஃபிளாக்கை மெமரிக்குக் கொண்டு வரும் ஃபங்ஷன் முதலில் எல்லா பிட்டையும் அழித்துவிட்டு அப்புறம் ஒவ்வொன்றாகப் போடுகிறது. அழித்ததற்கும் போட்டதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அந்த நேரத்தில் இம்யூட்டபிள் ஃபைல் இம்யூட்டபிளாக இல்லை. இது எங்கள் மாட்யூலில் மட்டும் இருந்த தவறும் இல்லை. இஎக்ஸ்டி4-இலேயே இதே இடைவெளி இருந்து 2014-இல் சரிசெய்தார்கள், பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் ஒப்பிட்டு ஒரே அடியில் மாற்றும் முறைக்குப் போனார்கள், அதற்கென்று வந்த பொது ஃபங்ஷனை நாமும் கூப்பிடலாம். இரண்டாவது, பழைய ஃபிளாக்கைப் படித்து 'இவருக்கு அனுமதி உண்டா' என்று பார்ப்பது ஐநோடு லாக்கை (ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு) எடுப்பதற்கு முன்னால் நடக்கிறது, பார்த்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் வேறொருவர் ஃபிளாக்கை மாற்றிவிடலாம். இரண்டுக்கும் சேர்த்து முப்பது வரிக்குள் பேட்ச் முடிந்துவிடும்.

இந்த வழியின் பலம், பழைய பெட்டிகளுக்கு உடனே அனுப்பலாம். கெர்னலின் ஸ்டேபிள் கிளைக்கு (ஏற்கெனவே வெளியான வெர்ஷனுக்குத் திருத்தங்கள் மட்டும் போகும் கிளை) போகும் பேட்ச் சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து நூறு வரியைத் தாண்டக்கூடாது என்று அவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்களே, அது சும்மா வைத்ததில்லை, நூறு வரியை ஒரு மனிதர் ஒரே உட்காரலில் முழுசாகப் படித்துவிடலாம். பலவீனம் என்ன என்று கேட்டால், குப்பை குப்பையாகவே இருக்கும். ஒரே மாற்றல் வேலை எங்கள் நிரலில் ஏழு இடத்தில் ஏழு விதமாக எழுதப்பட்டிருக்கிறது, அதில் ஒன்றில் நோஏடைம் விட்டுப்போயிருக்கிறது. அடுத்து ஒரு ஃபிளாக் சேர்க்க வரும் ஆள் ஆறு இடத்தில் சேர்த்துவிட்டு ஏழாவதை மறப்பார்.

இரண்டாம் வழி: ஐஆக்டல் வாசல்கள் நம்முடையதாகவே இருக்கட்டும், உள்ளே மட்டும் ஒழுங்குபடுத்து. ஒரே ஒரு அட்டவணை. ஒரு வரிக்கு ஒரு ஃபிளாக், அதில் டிஸ்க் பிட், பழைய ஐஆக்டல் பிட், எக்ஸ்எஃப்எஸ் வழி பிட், விஎஃப்எஸ் பிட். மாற்றல் எல்லாம் அந்த அட்டவணை வழியாக மட்டும். இது புதுசு இல்லை, ஜேஎஃப்எஸ்ஸும் ஜிஎஃப்எஸ்2-உம் இப்படி அட்டவணை வைத்துத்தான் மாற்றுகின்றன. இஎக்ஸ்டி4-க்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அந்தப் பழைய ஐஆக்டல் எண்களே அந்தக் குடும்பத்தின் டிஸ்க் எண்கள்தான். நம் மாதிரி சொந்த எண் வைத்திருக்கிறவர்களுக்கு அட்டவணை பெரிய நிம்மதி. சுவரில் ஒட்டியிருக்கும் காலண்டர் தாள் அப்படியே நிரலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிவ்யூ செய்ய இதைவிட நல்ல உருவம் கிடையாது: ஒவ்வொரு வரியாக விரலை வைத்துச் சரிபார்க்கலாம், விட்டுப்போனது கண்ணில் படும்.

ஆனால் அனுமதிச் சோதனைகள் நம் தலையிலேயே இருக்கும். யாருக்கு இம்யூட்டபிளை மாற்ற உரிமை, எந்த ஃபிளாக் ஃபோல்டருக்கு மட்டும், எது சாதாரண ஃபைலுக்கு மட்டும் என்ற விதிகளை கெர்னல் அவ்வப்போது இறுக்கிக்கொண்டே வருகிறது. 5.3-இல் இதற்கென்று பொது உதவி ஃபங்ஷன்கள் வந்தன, 5.13-இல் அவற்றையும் எடுத்துவிட்டார்கள், ஏன் என்பது அடுத்த வழியில் வரும். ஆக, அவற்றை நம்பினாலும் வெர்ஷன் பார்த்துப் பிரிக்க வேண்டும், நம்பாமல் நாமே எழுதினால் ஒவ்வொரு கெர்னல் மாற்றத்தையும் நாமே துரத்த வேண்டும். எங்கள் நிரல் இரண்டாவது ரகம். ப்ராஜெக்ட் ஐடியை மாற்றுவது பற்றி ஒரு சோதனை எங்களிடம் இல்லவே இல்லை என்பது இந்த ரிவ்யூவில்தான் தெரிந்தது. இத்தனை நாள் யாரும் அதைத் தொடாததால் தப்பித்திருக்கிறோம்.

மூன்றாம் வழி தம்பியுடையது: நம் ஐஆக்டல் வாசல்களை அடைத்துவிட்டு, விஎஃப்எஸ் தரும் ஃபைல்அட்டர் கெட், ஃபைல்அட்டர் செட் என்ற இரண்டு ஆப்பரேஷன்களை மட்டும் கொடு. இது 2021-இல் 5.13 கெர்னலில் வந்தது. ஓவர்லேஎஃப்எஸ் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் ஃபைல்சிஸ்டத்துக்கு ஐஆக்டல் வழியாகக் கீழே இருப்பதன் ஃபிளாக்கைக் கேட்பது பெரிய சிரமமாக இருந்தது, அதனால் ஐஆக்டலைப் பிரித்து மேலே விஎஃப்எஸ்-க்குக் கொண்டுபோனார்கள், இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், எஃப்2எஃப்எஸ் எல்லாம் ஒரே தொடரில் மாறின. லாக் எடுப்பது, உரிமையாளரா என்று பார்ப்பது, பழைய மதிப்பைப் படித்து ஒப்பிடுவது, இரண்டு வடிவத்துக்கும் பொதுவான பிட்டுகளை ஒன்றில் இருந்து மற்றதுக்கு மாற்றுவது, எல்லாம் விஎஃப்எஸ் பார்த்துக்கொள்ளும்.

ஆற்றுப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தாமிரபரணித் தண்ணீரை அணைக்கட்டு மதகில் ஒரே இடத்தில் முறைப்படுத்துவது ஒரு வகை, ஒவ்வொருவரும் தன் வயல் வாய்மடையில் மண்ணை வெட்டி அடைப்பது இன்னொரு வகை. இரண்டாவதில் எங்கோ ஒரு மடை எப்போதும் ஒழுகும், கடைமடைக்காரர் அதன் பலனை அனுபவிப்பார்.

இன்னொரு லாபமும் உண்டு. 2025-இல் வந்த 6.17 கெர்னலில் இந்த அட்ரிப்யூட்டுகளைப் படிக்கவும் மாற்றவும் தனி சிஸ்டம் கால்கள் (புரோகிராம் கெர்னலை நேரடியாகக் கூப்பிடும் அழைப்புகள்) இரண்டு சேர்ந்திருக்கின்றன. ஐஆக்டல் என்றால் ஃபைலைத் திறந்தாக வேண்டும், சிம்லிங்க், டிவைஸ் ஃபைல், பைப் இவற்றை அப்படித் திறந்து கேட்க முடியாது, அதனால் அவற்றுக்கு ப்ராஜெக்ட் ஐடி போடுவது நடக்காத காரியமாக இருந்தது. புதிய கால்கள் பாதையைக் கொடுத்தாலே வேலை செய்யும். மூன்றாம் வழியில் போன ஃபைல்சிஸ்டத்தை அந்தக் கால்கள் விஎஃப்எஸ் வழியாகவே வந்து எட்டிவிடும், அதற்கென்று நாம் தனியாக ஒரு வாசல் திறக்க வேண்டாம். இரண்டாம் வழியில் நின்றவர்களுக்கு அது கிடைக்காது.

இவ்வளவு சொன்னபிறகு மூன்றாம் வழிதானே என்று தோன்றும். தம்பிக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா ஒரே கேள்வி கேட்டாள்: "தம்பி, பழைய பெட்டிய யாரு பாக்குதது?"

5.10-இல் இந்த ஆப்பரேஷன்கள் கிடையாது. அதாவது பழைய வாசலை எடுத்து எறிய முடியாது, வைத்துக்கொண்டுதான் புதியதும் வைக்க வேண்டும். புதிய வாசலும் நிலையாக நிற்கவில்லை: 5.13-இல் முதல் ஆர்க்யுமென்ட் யூசர் நேம்ஸ்பேஸ், 2023-இல் 6.3 வந்தபோது அது மவுன்ட் ஐடிமேப் ஆனது, 6.17-இல் அந்த ஸ்ட்ரக்சரின் பெயரே மாறியது. வெளியே இருக்கும் மாட்யூலுக்கு இது நேரடிச் செலவு. கெர்னல் மரத்துக்குள் இருந்திருந்தால் மாற்றியவரே நம்முடையதையும் மாற்றியிருப்பார்.

சரி, அதைவிட முக்கியமான கேள்வி, மூன்றாம் வழியில் 'செயல்பாட்டில் மாற்றம் இல்லை' என்று சொல்லவே முடியாது. சோதனைகளின் வரிசை மாறுகிறது. முன்பு ஆதரவில்லாத பிட் வந்தால் முதலில் 'ஆதரவில்லை' என்று திரும்பும், அப்புறம்தான் உரிமையைப் பார்க்கும். இப்போது விஎஃப்எஸ் முதலில் உரிமையைப் பார்த்து 'அனுமதியில்லை' என்று திருப்பும். இரண்டுமே மறுப்புதான், ஆனால் எர்ரர் எண் வேறு, அதை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியவர் எங்காவது இருப்பார். இன்னொன்று, எக்ஸ்எஃப்எஸ் வழி வடிவத்தில் நமக்கு ஆதரவில்லாத கூடுதல் தகவல் வந்தால் அதை நம் செட் ஃபங்ஷன்தான் கண்டுபிடித்து 'முடியாது' என்று சொல்ல வேண்டும், அதைப் பார்க்க ஒரு சின்ன உதவி ஃபங்ஷன் இருக்கிறது, கூப்பிட மறந்தால் எதையும் செய்யாமலேயே 'செய்துவிட்டேன்' என்று திரும்பும். தம்பியின் பேட்சில் அது இல்லை. இது தவறு என்று நான் அவனைக் குறை சொல்லவில்லை, அறுநூறு வரிக்குள் இல்லாத ஒரு வரியைக் கண்டுபிடிப்பது எழுதினவனுக்கும் கஷ்டம், படிக்கிறவனுக்கும் கஷ்டம். எனக்கே இஎக்ஸ்டி2-வின் அதே ஃபங்ஷனைப் பக்கத்தில் திறந்து வைத்துப் படித்தபோதுதான் தட்டுப்பட்டது.

அதைவிட ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. பழைய ஐஆக்டலின் வரையறை கெர்னலின் ஹெட்டர் ஃபைலில் 'லாங்' என்று இருக்கும், 64-பிட் பெட்டியில் அது எட்டு பைட். கெர்னல் உண்மையில் எழுதுவதும் படிப்பதும் 'இன்ட்', நான்கு பைட். ஆரம்ப காலத்தில் நடந்த தவறு, இனி மாற்ற முடியாது, லினக்ஸ் கையேட்டின் மேன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பி ஹெட்டரைப் பார்த்துவிட்டு, 5.10-க்கான வாசலில் நம் நிரலில் இருந்த 'இன்ட்'டை 'லாங்' ஆக்கியிருந்தான்.

"அண்ணாச்சி, ஹெட்டர்ல லாங்னுதான போட்ருக்கு, நம்ம கோட்லதான் தப்பா இருக்குன்னு நெனச்சேன்."

நான்கு பைட் இடம் வைத்துக்கொண்டு கேட்கும் சாட்டருக்கு எட்டு பைட் எழுதிவிடும் அது. பக்கத்தில் இருக்கும் வேரியபிள் போய்விடும். அதுவும் எப்போதும் போகாது, எந்த கம்பைலர் எந்த வரிசையில் அடுக்கியதோ அதைப் பொறுத்துப் போகும். அறுநூறு வரிக்குள் இது ஒரே ஒரு சொல், சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. நான் அதை முதல் வாசிப்பில் தாண்டிப் போயிருந்தேன். இரண்டாம் நாள், சாயங்காலம் கரண்ட் போய் லேப்டாப் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது, மறுபடி மேலிருந்து படித்து வந்தபோதுதான் பட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த உருவத்தில் இந்தப் பேட்சை யார் கேட்டாலும் ஏற்பதில்லை.

முடிவு இதுதான்: மூன்று வழியும், ஆனால் வரிசையாக. முதலில் அக்காவின் இரண்டு திருத்தங்கள், தனித்தனி பேட்சாக, பழைய நிரலின் மேலேயே. இவை பழைய பெட்டிகளுக்கு இன்றே போகலாம், பின்னால் வரும் எதுவும் வராமலே போனாலும் இவை வீணாகாது. அடுத்து அட்டவணை, ஆனால் அட்டவணையைச் சேர்ப்பது ஒரு பேட்ச், ஏழு இடங்களையும் ஒவ்வொன்றாக அதற்கு மாற்றுவது ஏழு பேட்ச். நோஏடைம் விட்டுப்போன இடத்துக்கு, முதலில் விட்டுப்போனபடியே மாற்றி, அப்புறம் அதைச் சரிசெய்வதைத் தனி பேட்சாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தம்பிக்கு இது வீண் வேலையாகப் பட்டது. எனக்குப் படவில்லை: 'மாற்றமில்லை' என்று சொல்லும் பேட்சில் ஒரு நல்ல மாற்றம்கூட ஒளிந்திருக்கக்கூடாது, ஒன்று ஒளியலாம் என்றால் இன்னொன்றும் ஒளியும். கடைசியில் ஃபைல்அட்டர் ஆப்பரேஷன்கள், 5.13-க்கு மேலே மட்டும், வெர்ஷன் வித்தியாசங்கள் எல்லாம் ஒரே ஒரு ஃபைலுக்குள். 5.10-க்கான பழைய வாசலும் அதே அட்டவணையைத்தான் கூப்பிடும். மொத்தம் பதின்மூன்று பேட்ச். அறுநூறு வரி எழுநூறாகியிருக்கிறது, ஆனால் எந்தப் பேட்சும் எழுபது வரியைத் தாண்டவில்லை, அட்டவணைப் பேட்ச் தவிர.

சோதனையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் இந்த வரிசையைச் சாத்தியமாக்கியது அதுதான். எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற ஃபைல்சிஸ்டம் சோதனைத் தொகுப்பில் ஜெனரிக் 079 என்ற சோதனை இம்யூட்டபிளும் அப்பெண்டும் மதிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும், அதைக் கட்டாயம் ஓட்டுங்கள். ஆனால் அது கேட்கும் கேள்வி வேறு. எங்களுக்கு வேண்டியது 'முன்பு எப்படியோ அப்படியே' என்பதற்குச் சாட்சி. அதனால் அக்கா ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள்: 32 பிட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும், சாதாரண ஃபைலில் ஒரு முறை, ஃபோல்டரில் ஒரு முறை, ரூட்டாக ஒரு முறை, உரிமையாளராக ஒரு முறை, இரண்டு ஐஆக்டலிலும். ஒவ்வொன்றுக்கும் திரும்பி வந்த எர்ரர், அப்புறம் படித்தால் வரும் மதிப்பு, டிஸ்கில் உண்மையில் எழுதப்பட்ட மதிப்பு, இவற்றை ஒரு வரியில் அச்சிடும். மொத்தம் 256 வரி. பேட்சுக்கு முன் ஒரு ஃபைல், பின் ஒரு ஃபைல், இரண்டுக்கும் டிஃப் (வித்தியாசத்தைக் காட்டும் கட்டளை) போடு. 'மாற்றமில்லை' என்று தலைப்பில் சொல்லும் பேட்சுக்கு டிஃப் காலியாக வர வேண்டும், அவ்வளவுதான். டிஸ்க் மதிப்பையும் அச்சிடுவது முக்கியம், ஏனென்றால் ஆடிட்டர் ஆபீஸில் போன அந்த உள் பிட் எந்த ஐஆக்டலிலும் வெளியே தெரியாது.

உங்கள் நிலைமை வேறாக இருந்தால் பதிலும் வேறு. ஃபைல்சிஸ்டம் கெர்னல் மரத்துக்குள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மூன்றாம் வழி, அங்கே 5.10 பற்றிய கவலை ஸ்டேபிள் கிளைக்கு மட்டும்தான், அதற்கு முதல் வழிப் பேட்சுகளை முன்னால் வையுங்கள். 5.10-ஐ விட்டு நகரவே போவதில்லை, இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் பெட்டியே ஓய்வு பெறும் என்றால் முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அட்டவணைகூட வேண்டாம். ரிவ்யூ செய்ய இன்னொரு ஜோடிக் கண் இல்லாமல் தனியாக வேலை செய்கிறீர்கள் என்றால் எந்த வழியாக இருந்தாலும் அந்த 256 வரிச் சோதனையை முதலில் எழுதுங்கள், பேட்ச் அப்புறம். கன்டெய்னருக்குள் ஓவர்லேஎஃப்எஸ்ஸின் அடித்தளமாக உங்கள் ஃபைல்சிஸ்டம் உட்காருகிறது என்றால் மூன்றாம் வழியைத் தள்ளிப்போடாதீர்கள், இது அழகு சம்பந்தப்பட்டதே இல்லை, மேலே இருப்பவருக்கு உங்கள் ஃபிளாக்கைச் சரியாகக் கேட்க வேறு நல்ல வழி இல்லை.

நேற்று வரை பத்துப் பேட்ச் உள்ளே போயிருக்கிறது. அட்டவணைக்கு மாற்றியதில் ஆறுக்கு டிஃப் காலி. ஏழாவதில் சில வரி வித்தியாசம் வந்தது, எல்லாம் ஒரே காரணம்: படிக்கும்போது காட்டுகிறோம் ஆனால் மாற்ற விடுவதில்லை என்று சில பிட்டுகள் உண்டு, அவை வந்தால் பழைய நிரல் சத்தமில்லாமல் உதறிவிட்டு வேலையை முடிக்கும், புதியது 'ஆதரவில்லை' என்று திருப்புகிறது. புதியதுதான் நேர்மையானது என்று தம்பி வாதாடினான், கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சாட்டர் செய்வது என்ன, முதலில் படிக்கிறது, படித்ததில் ஒரு பிட்டைக் கூட்டுகிறது, மொத்தத்தையும் திரும்ப எழுதுகிறது. நாம் காட்டிய பிட்டையே நாம் மறுத்தால் அந்த ஃபைலில் 'ஐ' போடுவதே முடியாமல் போகும். இஎக்ஸ்டி4 நிரலில் இதே காரணத்தைக் கமென்ட்டாக எழுதி, சத்தமில்லாமல் உதறுவதைத் தொடர்கிறார்கள். அதைத் திறந்து காட்டினேன், படித்துவிட்டு, "சரி அண்ணாச்சி, பழையபடியே வைக்கேன், கமென்ட்டும் போட்டுருதேன்" என்றான். அந்தப் பேட்ச் இன்றைக்கு சாயங்காலப் பாசஞ்சருக்கு அவன் கிளம்பும் முன் வந்துவிடும், வந்ததும் 256 வரியையும் 5.10 பெட்டியில் ஒரு தடவை, 6.12 பெட்டியில் ஒரு தடவை ஓட்ட வேண்டும்.